படத்தொகுப்பிற் பொதுக் காலக்குறி

பலர் கூடிச் செய்யும் தொழில் எதுவாயினும் அதற்கு ஒரு பொதுக் காலம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். நாயனமும் தவிலும் ஒருங்கே ஒலிக்குமிடத்துத் தாளம் போடுவான் ஒருவன் அருகே நிற்கின்றான். அவன் இராகம் ஒன்றும் இசைக்கின்றிலன். ஆயினும் அவன் கைத்தாளம் பிறழுமாயின் இசை முழுதும் பிறழும். வீடியோப் படத்தொகுப்பு நிலையங்களில் இத்தாளக்காரனுடைய தொழிலைச் செய்யும் கருவி ஒன்று உளது. அதற்குச் 'சிங்க் ஜெனரேட்டர்' என்று பெயர். அதனினின்று புறப்படுவதே 'சிங்க் குறி'. இக்கட்டுரையில் அதனைப் பொதுக் காலக்குறி என்று வழங்குவாம்.

இக்கருவியைக் குறித்து இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. 'இஃதில்லாத நிலையம் நிலையமாகாது. முதலில் இதனை வாங்கிப் பின்னரே பிறவற்றை வாங்குக' என்பார் ஒரு சாரார். 'இது நாடா யந்திரங்களோடு மாண்ட பழம்பொருள். கணிப்பொறி வந்தபின் இதற்கு வேலையில்லை' என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பெரும்பாலும் தொலைக்காட்சி நிலையங்களிற் பழகியவர். பின்னவர் பெரும்பாலும் கணிப்பொறியின் முன்னிருந்தே தொழில் கற்றவர். இருவர் கூற்றும் ஓரோவிடத்து உண்மையாம், எல்லாவிடத்தும் உண்மையாகா. எவ்விடத்து எது பொருந்தும் என்று தெளியாமையால், சிறு நிலையங்கள் வேண்டாதவிடத்துப் பொருளை இழக்கின்றன. வேண்டியவிடத்துப் படத்தையே இழக்கின்றன. இழந்த பொருளை மீட்டும் ஈட்டலாம். இழந்த படம் மீளாது. ஆதலால் இதனை ஆராய்தல் பயனுடைத்து.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவாருமுளர். எழுத்தின் ஒலியளவை மாத்திரையாற் கணித்து, அம்மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாக வைத்த தொல்காப்பியத்தைப் பயில்வார்க்குக் காலத்தை நுண்ணிதாகப் பகுக்கும் கலை எதுவும் அயலதாகாது. அன்றியும், கல்லூரிகளில் ஆண்டுவிழாவும் நாடகமும் இரண்டு மூன்று காமிராக்களாற் பதியப்படுகின்ற இக்காலத்து, இத்தொழில் மாணவர் கைக்கே வந்துவிட்டது.

முதற்கண் இக்குறியின் இயல்பை அறிவாம். வீடியோப் படம் என்பது அசையாப் படங்களின் வரிசையேயாம். அவற்றுள் ஒவ்வொன்றையும் 'பிரேம்' என்பர். நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய 'பால்' என்னும் முறையில் ஒரு விநாடிக்கு 25 பிரேம்கள்; ஒவ்வொரு பிரேமுக்கும் 625 வரிகள். ஆகவே ஒரு விநாடியில் 15,625 வரிகள் செல்லும். ஒரு வரிக்குரிய காலம் 64 மைக்ரோ விநாடி, அஃதாவது ஒரு விநாடியைப் பத்திலட்சம் கூறிட்டதில் 64 கூறு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 4.7 மைக்ரோ விநாடியளவு மின்னழுத்தம் கருமைக்குரிய நிலையினின்றும் 0.3 வோல்ட் கீழிறங்கும். படத்தின் ஒளியளவு அந்நிலைக்குக் கீழே செல்லாதாகலின், அவ்விறக்கத்தைக் கண்ட யந்திரம் 'ஈண்டு ஒரு வரி தொடங்கிற்று' என்று தெளியும். புதிய படம் தொடங்குமிடத்தைக் காட்டுதற்கு வேறு வகைத் துடிப்புகள் உள. இவை யாவும் சிங்க் துடிப்புகள் எனப்படும்.

இனி, இரண்டு காமிராக்களின் படங்களை ஒரு கலப்புப் பலகையில் இணைக்க எண்ணுவாம். ஒவ்வொரு காமிராவும் தன்னுள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு தன் காலத்தைக் கணிக்கின்றது. ஒன்று 100ஆம் வரியை அனுப்பும்பொழுது மற்றொன்று 400ஆம் வரியை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் திடீரென மாறினால், பெறும் யந்திரம் நிலைதடுமாறும். திரையிற் படம் துள்ளும், அல்லது கிழியும். ஒரு படத்தை மற்றொன்றினுட் கரைத்துக் காட்டுதலோ சிறிதும் இயலாது. ஆதலின் எல்லாக் காமிராக்களுக்கும் வெளியிலிருந்து ஒரே குறியை அனுப்பி, 'இதனைப் பின்பற்றுக' என்று பணிப்பர். இவ்வாறு கட்டுப்படுத்துதலை 'ஜென்லாக்' என்பர். பழைய முறையில் அக்குறி, சிங்க் துடிப்புகளும் நிறத்திற்குரிய சிற்றலைகளும் உடைய வெறுங் கரும்படமாகும். அதனாலேயே அதற்குப் 'பிளாக் பர்ஸ்ட்' என்று பெயராயிற்று. உயர்தெளிவுப் படங்களுக்கு, நடுநிலையினின்றும் 0.3 வோல்ட் கீழிறங்கிப் பின் 0.3 வோல்ட் மேலேறும் 'டிரை-லெவல்' குறி வழங்குகின்றது.

முற்காலத்தார் இதில் எத்துணை நுட்பம் காத்தனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மின்குறி ஒரு மீட்டர்க் கம்பியைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ விநாடி செல்லும். பால் முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை ஒருமுறை சுழலும் காலம் ஏறக்குறைய 225 நானோ விநாடி. ஆகவே ஒரு மீட்டர்க் கம்பி மிகுந்தால் அவ்வலை ஏறக்குறைய 8 பாகை பிந்தும். இதுபற்றியே கலப்பு நிலையங்களிற் கம்பிகளை அளந்து வெட்டினர். காமிராக்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலே திருகாணிகளைத் திருப்பித் திருப்பிக் காலத்தைப் பொருத்தினர். எண்முறைக் குறி வந்தபின் இத்துணை நுண்மை வேண்டாவாயிற்று. யந்திரங்கள் தம்முள்ளே சில வரிகளைச் சேமித்து வைத்துச் சிறு பிறழ்ச்சிகளைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

இஃது ஒளிபரப்பு நிலையத்தின் கதை. படத்தொகுப்பு அறைக்கு இக்குறி எவ்வாறு வந்தது? 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் இரண்டு அங்குல அகலமுள்ள நாடாவில் வீடியோவைப் பதியும் யந்திரத்தைச் சிகாகோ நகரிற் காட்டினர். அந்நாடாவைத் தொடக்கத்திற் கத்தியால் வெட்டியே ஒட்டினர். சினிமாப் பிலிமிற் போலப் படத்தைக் கண்ணாற் காண இயலாமையால், இரும்புத்துகள் கலந்த நீர்மத்தைத் தடவி, காந்தக் கோடுகளைப் புலப்படுத்தி, இரண்டு படங்களுக்கு இடையேயுள்ள இடத்தைக் கண்டு வெட்டுவர். வெட்டு சிறிது தவறினும் படம் துள்ளும். வெட்டாமலே ஒரு யந்திரத்தினின்று மற்றொன்றிற்குப் படியெடுத்துத் தொகுக்கும் முறை 1960க்குப் பின் வளர்ந்தது.

அம்முறையின் உட்கிடையை நோக்குவார்க்குப் பொதுக் காலக்குறியின் இன்றியமையாமை விளங்கும். பதியும் யந்திரம் முன்பே பதிந்துள்ள நாடாவை ஓட்டிக்கொண்டு வருகின்றது. குறித்த ஓரிடத்தில், ஓட்டத்தை நிறுத்தாமலே, காட்டும் தொழிலினின்றும் பதியும் தொழிலுக்கு மாறுகின்றது. அவ்விடத்துப் பழைய படம் முடிகின்ற கணமும் புதிய படம் தொடங்குகின்ற கணமும் ஒன்றாதல் வேண்டும். ஓடும் வண்டியொன்றினின்றும் மற்றோர் ஓடும் வண்டிக்குத் தாவுவானுக்கு இரு வண்டிகளும் ஒரே வேகத்தில் ஒரே வரிசையிற் செல்லுதல் வேண்டுமன்றோ? அது போலவே ஈண்டும். ஓட்டும் யந்திரம், பதியும் யந்திரம், இடையிலுள்ள கலப்புப் பலகை ஆகிய மூன்றும் ஒரே குறியைப் பின்பற்றினாலன்றித் தாவல் செவ்விதாக நிகழாது. தொகுக்குமிடத்திற்குச் சில விநாடி முன்னரே யந்திரங்களை ஓடவிடுவதும் அவை இக்குறியோடு இசைந்து நிலைபெறுதற் பொருட்டேயாம்.

நிற்க. இவ்விடத்து மூன்று பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். இவற்றை ஒன்றாக மயங்குதலே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்பது எமது கருத்து. முதலாவது, இதுகாறும் கூறிய சிங்க் குறி. அது 'எப்பொழுது' என்னும் வினாவிற்கு விடை கூறும். ஒவ்வொரு பிரேமும் தொடங்கும் கணத்தைக் காட்டும். ஆயின் அஃது எத்தனையாவது பிரேம் என்று சொல்லாது. இரண்டாவது 'டைம்கோடு'. அது மணி, நிமிடம், விநாடி, பிரேம் என ஒவ்வொரு பிரேமுக்கும் ஓர் எண்ணிட்டு, 'எது' என்னும் வினாவிற்கு விடை கூறும். தாளக்காரன் தட்டும் தட்டு முதலாவதை ஒக்கும். 'இஃது ஆவர்த்தத்தின் ஐந்தாம் அட்சரம்' என்று எண்ணும் எண்ணிக்கை இரண்டாவதை ஒக்கும். மூன்றாவது 'வேர்டு கிளாக்கு'. எண்முறையில் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து பதிவர். அவ்வளவைகளுக்குத் தாளம் இடுவது இது. விநாடிக்கு 25 பிரேம் உள்ள முறையில் ஒரு பிரேமுக்கு 1,920 ஒலியளவைகள் சரியாக அமையும். அமெரிக்கர் வழங்கும் 29.97 பிரேம் முறையிலோ ஒரு பிரேமுக்கு 1601.6 அளவைகள் வருதலின், ஐந்து பிரேம்களுக்கு ஒருமுறையே முழு எண் அமையும்.

எண்ணிடுதலும் தாளமும் வேறு என்பதற்கு அந்த 29.97 முறையே தக்க சான்று. 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி முறையை ஏற்றபொழுது, விநாடிக்கு 30 பிரேம் என்னும் அளவை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தனர். பின்னாளில் டைம்கோடு வந்தபோது, விநாடிக்கு முப்பதாக எண்ணிக்கொண்டே சென்றால், ஒரு மணிநேரத்தில் எண்ணிக்கை உண்மையான கடிகாரத்திற்கு 3.6 விநாடி பிந்துவதைக் கண்டனர். அதனைத் திருத்த, ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தள்ளி எண்ணவும், பத்தாம் நிமிடந்தோறும் தள்ளாது விடவும் ஒரு விதி வகுத்தனர். ஒரு மணிக்குத் தள்ளப்படும் எண்கள் 108. தள்ளப்படுவன எண்களே, படம் ஒன்றும் தள்ளப்படுவதில்லை. இதனை அறியாதார் 'படம் போயிற்று' என்று மயங்குவர்.

இனிப் 'பழம்பொருள்' என்பார் கூற்றிற்கு வருவாம். அவர் பக்கத்தும் வலிய காரணங்கள் உள. 1970களில் ஒரு முழுப் பிரேமையும் நினைவிற் சேமித்து வைத்து, நிலையத்தின் காலத்திற்கேற்ப வெளியிடும் 'பிரேம் சிங்க்ரொனைசர்' என்னும் கருவி தோன்றிற்று. கட்டுப்பாட்டுக்கு உட்படாத குறியையும் இதன் வாயிலாக ஏற்கலாம். இன்று விலை குறைந்த கலப்புப் பலகைகளிலுங்கூட ஒவ்வொரு வாயிலிலும் இத்தகைய சேமிப்பு உளது. 1989இல் வெளிவந்த ஏவிட் முதலிய கணிப்பொறித் தொகுப்பு முறைகளிலோ படம் ஒரு கோப்பாகத் தட்டில் உறங்குகின்றது. உறங்கும் கோப்பிற்குத் தாளம் எதற்கு? கணிப்பொறி முதற்கோப்பின் பிரேம் ஒன்றை எடுத்து, இரண்டாம் கோப்பின் பிரேம் ஒன்றை எடுத்து, தன் ஓய்விற்கேற்பக் கலந்து மூன்றாவதை எழுதுகின்றது. ஒரு பிரேமைச் செய்ய அது பத்து விநாடி எடுத்துக்கொண்டாலும் படத்திற்கு ஊறில்லை. எனவே கோப்புகளை மட்டுமே கொண்டு தொழில் செய்வார் சிங்க் ஜெனரேட்டர் வாங்குதல் வீண் செலவேயாம். இதில் எமக்கு ஐயமில்லை.

இவ்விரண்டு நிலைகளையும் ஒப்பிட்டு நோக்கினால் விதி ஒன்று தானே புலப்படும். இரண்டு குறிகள், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க இயலாதபடி, ஓடும் நிலையிலேயே சந்திக்கின்றனவா? ஆம் எனின், பொதுக் காலக்குறி வேண்டும். ஒன்று காத்திருக்கக்கூடுமெனின், வேண்டுவதில்லை. ஊர்தோறும் தனித்தனியே எழுதி அனுப்பப்பட்ட பாட்டுகளைத் தொகுத்து மலராக அச்சிடுவார்க்குத் தாளக்காரன் வேண்டா. அவற்றை ஒரே மேடையிற் பலர் சேர்ந்து பாடுமிடத்தே அவன் வேண்டும்.

இவ்விதியை நிலையங்களில் நிகழ்வனவற்றோடு பொருத்திக் காண்பாம். ஒரு காமிராவை ஒரு கம்பியாற் கணிப்பொறியோடு இணைத்துப் பதியுமிடத்துக் கணிப்பொறியின் அட்டை அக்காமிராவின் குறியினின்றே காலத்தை அறிந்துகொள்ளும். அங்கே சந்திப்பில்லை, ஆதலின் பொதுக் குறியும் வேண்டா. தொகுத்த படத்தைத் திரையிற் பார்த்து நிறம் திருத்துவார்க்கும் அவ்வாறே. கணிப்பொறியினின்று நாடா யந்திரத்திற்குப் படத்தை மீட்டும் பதியுமிடத்தோ, குறித்த பிரேமில் யந்திரம் பதிவிற்குத் தாவவேண்டுதலின், அட்டைக்கும் யந்திரத்திற்கும் ஒரே பிளாக் பர்ஸ்ட்டை அனுப்புதல் இன்றியமையாதது. அஃதின்றேல் தொகுப்பு ஒரு பிரேம் முன்னோ பின்னோ விழும். தொடக்கத்திற் படம் கலங்கவுங்கூடும்.

பல காமிராக்களை நேரடியாகக் கலக்குமிடத்து, வாயிலிற் சேமிப்புள்ள பலகை இருந்தாற் பொதுக் குறியின்றியும் படம் துள்ளாது. ஆயினும் அச்சேமிப்பிற்கு ஒரு விலை உண்டு. படம் ஒரு பிரேம் வரையில், அஃதாவது 40 மில்லி விநாடி வரையில், தாமதிக்கும். அத்தகைய கருவிகள் இரண்டு மூன்று தொடருமாயின் தாமதம் கூடும். ஒலியோ வேறு வழியாகத் தாமதமின்றி வந்துவிடும். உதடு அசையுமுன் சொல் கேட்கும். 1998இல் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒலி 45 மில்லி விநாடி முந்தினும் 125 மில்லி விநாடி பிந்தினும் காண்பார்க்குப் புலப்படும் என்று வரையறுத்தது. முந்துதலைப் பொறுக்கும் அளவு ஏன் இத்துணைச் சிறிது? இயற்கையில் ஒளிக்கு முன் ஒலி ஒருபொழுதும் வருவதில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில், பேசுவானிடமிருந்து 14 மீட்டர் தொலைவில் இருப்பானுக்கு ஒலி ஏறக்குறைய ஒரு பிரேம் பிந்தியே எட்டும். அதனைச் செவி இயல்பாக ஏற்கின்றது. முந்திவரும் ஒலியை ஏற்கும் பழக்கம் மனிதனுக்கில்லை.

மேலும், இரண்டு படிகங்களுக்கிடையே பத்திலட்சத்திற்கு 50 பங்கு வேற்றுமை இருப்பதாகக் கொள்வாம். மிகச் சிறிதாகத் தோன்றும் இவ்வேற்றுமை ஒரு மணிநேரத்தில் 180 மில்லி விநாடியாக, நான்கரைப் பிரேமாக, வளரும். சேமிப்புக் கருவி இதனை ஈடுசெய்ய, 13 நிமிடம் 20 விநாடிக்கு ஒருமுறை ஒரு பிரேமைக் கைவிடும், அல்லது ஒன்றை இருமுறை காட்டும். பேச்சாளர் அசையாது நிற்கும்பொழுது இது நிகழின் யாரும் அறியார். பரதநாட்டியத்தின் நடுவே நிகழின் கண் உள்ளவர் அறிவர். ஒலியைத் தனிக் கருவியிற் பதிந்து பின்னர்ச் சேர்ப்பார்க்கும் இக்கணக்கே பொருந்தும். தொடக்கத்திற் கைதட்டிப் பொருத்திய ஒலி, ஒரு மணி கழிந்தபின் உதட்டினின்றும் விலகி நிற்கும். 'டைம்கோடு இருக்கின்றதே' என்று ஆறுதல் கொள்வாருமுளர். தொடக்கத்தில் ஒருமுறை எண்ணைப் பொருத்திவிட்டு, பின்னர் இரண்டு கருவிகளையும் தத்தம் படிகத்தின்வழி ஓடவிட்டால், எண்கள் ஒத்திருக்கும், காலம் ஒத்திராது. நீண்ட பதிவிற் காமிராவையும் ஒலிக்கருவியையும் ஒரே தாளத்திற் கட்டுதல் நன்று. கட்டும் வாயில் இல்லாத எளிய கருவிகளாயின், பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனி ஒருமுறை கைதட்டிப் பதிந்துகொண்டால், விலகிய அளவைக் கணித்து ஒலியை அதற்கேற்ப நீட்டவோ சுருக்கவோ செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இக்காலத்து வேறொரு பயனும் தோன்றியுள்ளது. நடிகர்க்குப் பின்னே ஒளியுமிழும் பெருந்திரையை நிறுத்தி, அதிற் காட்சியைக் காட்டிப் படம் பிடிக்கின்றனர். அத்திரை தன் படத்தைப் புதுப்பிக்கும் கணமும், காமிராவின் கண் திறந்து மூடும் கணமும் பொருந்தாவாயின், பதிவிற் கரும்பட்டைகள் தோன்றும். ஆதலின் திரையையும் காமிராவையும் ஒரே குறியாற் கட்டுகின்றனர். கம்பிகளுக்கு மாறாகக் கணிப்பொறி வலையின் வழியே படத்தை அனுப்பும் புதிய நிலையங்களிலும் பொதுக் காலம் ஒழியவில்லை. 2015இல் வெளிவந்த தரமுறையின்படி, 1970 ஜனவரி முதல் நாளினின்று எண்ணப்படும் ஒரே காலத்தை வலை வழியே எல்லா யந்திரங்களும் பெற்று, தம் பிரேம் தொடங்கவேண்டிய கணத்தை அதனினின்று கணிக்கின்றன. தாளம் உடை மாற்றிக்கொண்டதேயன்றி மாண்டுவிடவில்லை.

'அங்ஙனமாயின், வேண்டினும் வேண்டாவிடினும் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன கேடு?' என்பார் சிலர். கேடு உண்டு. பிழைபட இணைத்த குறி, குறி இன்மையினும் தீயது. 25 பிரேம் படத்தைத் தொகுக்கும் யந்திரத்திற்கு 29.97 பிரேம் குறியை அனுப்பினால், அது பூட்டிக்கொள்ள இயலாது தடுமாறும். குறியைச் சுமக்கும் கம்பியின் கடைசியில் 75 ஓம் தடை ஒன்றே இருத்தல் வேண்டும். அறியாது இரண்டு தடைகளை வைத்தால் குறியின் அளவு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஒன்றும் வையாதொழிந்தால் அளவு இருமடங்காவதோடு, முனையிற் பட்ட குறி எதிரொலி போலத் திரும்பியும் வரும். இவற்றால் எழும் கோளாறு எப்பொழுதோ ஒருமுறை தோன்றி மறைவது. நாட்கணக்கில் தேடினும் அகப்படாதது. வேண்டாத கருவி ஒன்று நிலையத்தில் இருத்தல், வேண்டாத ஐயம் ஒன்று எப்பொழுதும் இருத்தலேயாம்.

'எது பிழைத்தாலும் கணிப்பொறியிற் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்' என்பார்க்கும் ஒரு விடை கூறவேண்டும். கோப்பாகிவிட்டதைத் திருத்தலாம்; கோப்பாகுமுன் இழந்ததைத் திருத்தல் இயலாது. இதன் உண்மை பழைய நாடாக்களைக் கோப்பாக்குமிடத்தே நன்கு விளங்கும். 1980களிலும் 1990களிலும் நம் குடும்பங்களும் நிறுவனங்களும் பதிந்த நிகழ்ச்சிகள் பல இன்றும் வி.எச்.எஸ். நாடாக்களில் உள. அவற்றை ஓட்டும் யந்திரங்களைச் செய்துவந்த ஜப்பானியரின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திற்று; அதன்பின் புதிய யந்திரம் கிடைப்பதரிது. நாடாவோ ஆண்டுதோறும் நலிகின்றது. சில நாடாக்கள் இன்னும் ஓரிரு முறையே ஓடத்தக்கன.

அத்தகைய நாடாவினின்று வரும் குறியில் ஒவ்வொரு வரியும் சிறிது முந்தியும் பிந்தியும் தொடங்கும். மனிதர் கண் அதனைப் பொறுக்கும். கணிப்பொறியின் அட்டை பொறுக்காது. வரி தொடங்குமிடம் விளங்காதபொழுது அது பிரேமையே கைவிட்டு, அறிவிப்பொன்றுமின்றி மேலே செல்லும். ஒலி மட்டும் இடையறாது பதியும். முடிவிற் பார்த்தாற் படம் குறைந்தும் ஒலி நிறைந்தும் நிற்கும்; எவ்விடத்து எத்தனை பிரேம் போயின என்பதற்குச் சான்றில்லை. இதனைத் தடுப்பது 'டைம் பேஸ் கரெக்டர்' என்னும் கருவி. அது வரிகளைச் சேமித்து, நிலையான காலத்தில் அவற்றை மீட்டும் வெளியிடும். தொழில்முறை நாடா யந்திரங்களில் இக்கருவியோடு பொதுக் குறி பெறும் வாயிலும் உளது. மறைந்த முதியோர் ஒருவரின் பேச்சோ, இனி ஒருவரும் ஆடாத கூத்தொன்றோ பதிந்த நாடாவைக் கையில் வைத்திருப்பார், முதலில் இக்கருவியைத் தேடிக்கொண்டு, பின்னரே நாடாவை ஓட்டுக. காலத்தைச் செவ்விதாகப் பிடித்தல் என்னும் இச்சிறு தொழிலில், ஒரு குரல் எஞ்சுவதும் அழிவதும் அடங்கியுள்ளன.

ஆகவே, சிறு நிலையம் அமைக்கும் மாணவர்க்கு எமது கருத்து இது. கைப்பொருள் குறைவாயின், எல்லாக் காமிராக்களையும் விநாடிக்கு 25 என ஒரே பிரேம் அளவில் முதலில் வையுங்கள். கைபேசிகள் பல பிரேம் அளவைத் தாமே கூட்டியும் குறைத்தும் பதிவன. அவற்றின் கோப்புகளைச் சீரான அளவிற்கு மாற்றிக்கொண்டு பின்னர்த் தொகுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டிப் பதியுங்கள். இத்துணையும் விலையில்லாதன. இதன்மேற் பொருளிருப்பின் நல்ல ஒலிக்கருவியையும், பழைய நாடா இருப்பின் டைம் பேஸ் கரெக்டரையும் தேடுங்கள். குறிகள் ஓடும் நிலையிற் சந்திக்கும் தொழிலை மேற்கொள்ளும் நாளில், அப்பொழுது சிங்க் ஜெனரேட்டரையும், அதன் குறியைப் பலவாகப் பகுத்து அனுப்பும் பெருக்கியையும் வாங்குங்கள்; வாங்குமுன் ஒவ்வொரு யந்திரமும் ஏற்கும் குறி பிளாக் பர்ஸ்ட்டோ டிரை-லெவலோ என்று கேட்டறியுங்கள்.

படத்தொகுப்புக் கற்பிப்பாரையும் ஒன்று வேண்டிக்கொள்வோம். எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதற்கு முன், 'எப்பொழுது', 'எது' என்னும் இவ்விரு வினாக்களின் வேற்றுமையை மாணவர்க்குக் கற்பியுங்கள். பொத்தான்கள் ஆண்டுதோறும் இடம் மாறும், இவ்வேற்றுமை மாறாது. இதனை அறிந்தவன் எந்த நிலையத்திற் புகுந்தாலும், கம்பிகளைப் பார்த்துக் கலங்காமல், 'ஈண்டு எவை எவை சந்திக்கின்றன? அவற்றுள் எது காத்திருக்கும், எது காத்திராது?' என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை கிடைத்தபின், கருவி வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கும்.